குட்டைக்குழல் ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?

தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் நீளமான குழலில் அளந்தது. 2 அங்குலக் குழலில் வேகம் குறைவதால், முனையில் குழிவுள்ள குண்டு இலக்கில் பட்டும் விரியாமலே போகலாம். குட்டைக்குழலுக்கென்றே தயாரித்த .38 ஸ்பெஷல் தோட்டா நல்லது. எடை குறைந்த துப்பாக்கியில் அதைவிட வலிமையான .357 மேக்னம் வீண் வீம்பு என்பேன்: கண்ணைக் கூசவைக்கும் தீச்சுடர், மணிக்கட்டை உலுக்கும் உதைப்பு, அடுத்த குறியும் பிசகும். ‘+பி’ எனக் குறித்த கூடுதல் அழுத்தத் தோட்டாவைத் துப்பாக்கித் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டுமே போடுங்கள்.

உதைப்பு தாங்காதவர்களுக்கு 148 கிரெய்ன் (சுமார் 9.6 கிராம்) எடையுள்ள, முனை தட்டையான ‘வாட்கட்டர்’ குண்டு ஏற்றது. விரியாது, ஆனாலும் ஆழமாகப் பாயும். முனை தட்டையாக இருப்பதால் அவசரத்தில் நிரப்புவதுதான் சிரமம்.

பலர் கவனிக்காத ஒன்று: இலேசான துப்பாக்கி உதைக்கும்போது, சுடாத தோட்டாக்களின் குண்டு கூட்டைவிட்டு முன்னே நகரும். சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டினால் சிலிண்டர் சுழலாமல் சிக்கிக்கொள்ளும். பயிற்சிக் களத்தில் 5 தோட்டா நிரப்பி நான்கைச் சுடுங்கள். ஐந்தாவதை எடுத்துப் புதிய தோட்டா ஒன்றின் அருகில் நிறுத்திப் பாருங்கள். மயிரிழை நீண்டிருந்தாலும் அந்த வகை உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது.