அப்பாவின் மாத்திரை பில் குறைந்தது இப்படித்தான்: என் அனுபவம்

அப்பாவுக்கு சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். தினமும் 400 மி.கி. இமாட்டினிப் மாத்திரை, விடாமல். ஆஸ்பத்திரி மருந்துக்கடை பில் என் சம்பளத்தில் பாதியைத் தின்றது.

முதலில் தள்ளுபடி கேட்டேன். பத்து சதவீதம் தந்தார்கள். அப்புறம் ஒரு அறக்கட்டளை. இரண்டு வாரம் அலைந்து வருமானச் சான்றிதழ் கொடுத்தால், வரம்பைத் தாண்டிவிட்டதாம். ஆன்லைன் கடைகளில் அதே பிராண்டைத் தேடியதில் இன்னும் நாலு நாள் வீண்.

ஒரு ராத்திரி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில், பிராண்டு பெயர் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயர்: ‘இமாட்டினிப் மெசைலேட்’. அந்தப் பெயரை மத்திய அரசின் ‘பார்மா சஹி தாம்’ செயலியில் போட்டதும் வேறு வேறு கம்பெனிகளின் பெயரும் விலையும் வரிசையாக வந்தன. இதே மருந்தை கிளிவெக் என்ற பிராண்டில் விற்ற நோவார்ட்டிஸ் கம்பெனி காப்புரிமை கேட்டுப் போட்ட வழக்கை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளியது; மற்ற கம்பெனிகளுக்கு அது பெரிய வழி விட்டது.

இன்னொன்று, எளிதில் கண்ணில் படாதது: டாக்டர் சீட்டில் 100 மி.கி. மாத்திரை நான்கு என்றிருந்தது. எங்கள் கடை விலையில் 400 மி.கி. ஒன்றே அதைவிட மலிவு. மாத்திரை விலையை அல்ல, மில்லிகிராம் விலையைப் பார்க்க வேண்டும்.

நாமாக மாற்றக் கூடாதே, டாக்டரிடம் போனேன். “முதல்லயே கேட்டிருக்கலாமே சார்” என்று பொதுப்பெயரில் எழுதித் தந்தார். மூன்று மாதம் கழித்து, ரத்தத்தில் நோய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனை எடுத்தோம்; அளவு ஏறவில்லை. பில் இப்போது மூன்றில் ஒரு பங்கு.