கை வைத்த இடத்தை முதலில் பாருங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை சேலம் கோரிமேட்டில் உள்ள என் பட்டறைக்கு இரண்டு தம்பிகள் காரில் வந்தார்கள். முன் இடது சக்கரத்தின் பேரிங்கை வீட்டிலேயே கழற்றி மாற்றியிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து வண்டி நகர்ந்தாலே ஏபிஎஸ் விளக்கு (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு) எரிகிறது. ஒருவர் கையில் பிரிக்காத பெட்டி. “அண்ணா, இது சக்கர வேகத்தை அளக்கும் சென்சார், இரண்டாவது. இதையும் போட்டுப் பார்த்துவிடலாமா?” என்றார்.

அந்தப் பெட்டியைக் கண்டதும் எனக்கு வயிறு எரிந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே தவறுக்கு நான் ஒரு மாத வருமானத்தைக் கொடுத்திருக்கிறேன். சொந்தக் கையால் வண்டியைப் பழுது பார்க்கிறவர்களை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. அவர்கள் பணம் இப்படிக் கரைவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பேட்டரி முனையை இறுக்க மறப்பது, ஃபியூஸைப் பார்க்காமல் விடுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். வீட்டில் வேலை பார்த்த பிறகு எச்சரிக்கை விளக்கு எரியும்போது செய்யும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

பார்த்தவுடன் அழித்துவிடுவது

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் பிழைக் குறியீடு வரும். அதைக் கண்டதும் அழிக்கும் பொத்தானை அழுத்துகிறவர்களே அதிகம். இன்ஜின் விளக்கு எரிந்த நேரத்தில் வேகம் என்ன, இன்ஜின் சூடு என்ன, சுமை எவ்வளவு என்ற விவரங்களும் அந்தக் குறியீட்டுடன் பதிந்திருக்கும். அழித்தால் எல்லாம் சேர்ந்தே போய்விடும். முதலில் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் அதே இழப்புதான்.

குறியீட்டைப் பொருளின் பெயராகப் படிப்பது

நான் நின்று பேச வேண்டிய இடம் இது.

குறியீடு ஓர் அறிகுறியை மட்டுமே சொல்கிறது. ஏர் ஃபில்டரை மாற்றிய மறுநாள் பி0171 என்று வந்தால், எரிபொருளுக்கு வேண்டியதைவிடக் காற்று அதிகம் என்று பொருள். ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் உள்ள காற்றுக் குழாயின் கிளிப் சரியாக உட்காராமல், காற்றை அளக்கும் சென்சாரில் படாமலேயே காற்று உள்ளே நுழைந்தாலும் அது வரும். ஒரு ஸ்க்ரூ டிரைவரில் முடிகிற வேலை. ஆனால் ஆக்சிஜன் சென்சார் வாங்கி வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன்.

பேரிங் விஷயம் இதைவிடக் கொடியது. இன்றைய கார்கள் பலவற்றில் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் காந்த வளையம் பேரிங்கிலேயே இருக்கிறது. பேரிங்கின் ஒரு பக்க மூடியில் காந்தமேற்றிய கறுப்பு ரப்பர் பூச்சு. வடக்கும் தெற்கும் மாறி மாறிச் சுற்றிலும் அமைந்திருக்கும். மறுபக்கம் சாதாரண மூடி. அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். காந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் அது வண்டியின் உட்பக்கம். திருப்பிப் போட்டால் சக்கரம் சத்தமின்றி அருமையாகச் சுழலும். சென்சாருக்கு மட்டும் எதுவும் தெரியாது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் காரில் இதைத்தான் செய்தேன். சக்கரத்தின் பெயரோடு சென்சார் என்று குறியீடு சொன்னது. நானும் சென்சாரை மாற்றினேன். விளக்குத் தொல்லை தீரவில்லை. போலி உருப்படியோ என்று வேறு கடையில் இன்னொன்று வாங்கினேன். பிறகு ஒயர் கட்டை மாற்றினேன். ஏபிஎஸ் யூனிட்டே போய்விட்டது என்று ஒருவர் சொன்னதை நம்பி, பழைய யூனிட்டுக்கு முன்பணமும் கொடுத்தேன். பேரிங்கை அழுத்திக் கொடுத்த லேத் பட்டறைப் பெரியவரிடம் வேறு வேலையாகப் போனபோது, புலம்பலைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “கறுப்பாக இருந்த பக்கம் உள்ளே போயிற்றா, வெளியே வந்ததா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அழுத்திப் போட்ட பேரிங்கை எடுக்கும்போது ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) தனியாக வரும், அதோடு உள்வளையமும் பிய்த்துக்கொண்டு வரும். புத்தம் புதிய பேரிங் குப்பைக்குப் போனது.

இத்தனைக்கும் விளக்கு எனக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில நொடிகளில் அணைந்து, வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் மீண்டும் எரிந்தது. நிற்கும் வண்டியில் கணினி மின்சுற்றை மட்டும் சோதிக்கிறது. ஒயர் அறுந்திருந்தாலோ கனெக்டர் கழன்றிருந்தாலோ பெரும்பாலும் அப்போதே விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஓடத் தொடங்கிய பிறகு எரிந்தால் சுற்று நன்றாக இருக்கிறது, சக்கரத்திலிருந்து துடிப்பு வரவில்லை என்று கொள்ளலாம். ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் நேரலையில் பாருங்கள். மூன்று மணிக்கு 15 கி.மீ. காட்டும்போது ஒன்று மட்டும் பூஜ்யத்தில் நின்றால், நீங்கள் கடைசியாகத் தொட்ட சக்கரம் அதுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

பேரிங்கைப் போடுவதற்கு முன்பே காந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம். காந்தப் புலம் காட்டும் சிறிய அட்டையை வைத்தால் கோடு கோடாகத் தெரியும். அட்டை இல்லையென்றால் லேசான பேப்பர் கிளிப் ஒன்று அந்தப் பக்கம் மெல்ல ஒட்டும். போல்ட்டுகளைப் போட்டு வைக்கும் காந்தத் தட்டில் மட்டும் பேரிங்கை வைத்துவிடாதீர்கள். பூச்சில் உள்ள காந்த வரிசை கெட்டுவிடும். அந்தப் பக்கத்தில் சுத்தியல் படவும் கூடாது.

எண்ணெய் அழுத்த விளக்கோடு ஓட்டுவது

கூடாது. இன்ஜினை அங்கேயே நிறுத்துங்கள்.

மின்னும் இன்ஜின் விளக்கை அலட்சியம் செய்வது

நிலையாக எரிவது வேறு, விட்டுவிட்டு மின்னுவது வேறு. ஸ்பார்க் பிளக்கோ அதற்கு மின்சாரம் தரும் காயிலோ மாற்றிய பிறகு மின்னினால், சிலிண்டர் ஒன்றில் எரிபொருள் எரியாமல் புகைக்குழாய்க்குப் போகிறது. அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதையும் உருக்கிவிடும். ஓட்டாதீர்கள்.

மஞ்சள் கனெக்டர்

சீட்டுக்கு அடியில் அது இருந்தால் ஏர்பேக்குடையது. பேட்டரியைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருக்காமல் தொடாதீர்கள்.

மலையில் சோதித்துப் பார்ப்பது

பிரேக் வேலை செய்த கையோடு ஏற்காட்டுக்குக் கிளம்புகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் பிரேக் சூடேறும். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் உதவிதான் இருக்காது. அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் பிரேக் திரவம் குறைந்திருக்கலாம், முன்பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் ஏற்பாடும் போயிருக்கலாம். அந்த வண்டியை மலைக்குக் கொண்டுபோவதை என்னால் ஏற்கவே முடியாது. சமதளத்தில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், மெதுவாகத் தொடங்கிச் சோதியுங்கள்.

அந்தத் தம்பிகளின் காரிலும் ஒரு சக்கரம் பூஜ்யத்தில்தான் நின்றது. இரண்டாவது பெட்டியைப் பிரிக்க விடவில்லை. கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். முதலில் கழற்றிய பழைய சென்சாரை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். புதிய பேரிங் வாங்கி, கறுப்புப் பக்கத்தில் சாக்பீஸால் குறி போட்டு, அவர்களையே பிரஸ்ஸில் அழுத்த வைத்தேன். கொண்டப்பநாயக்கன்பட்டி வரை போய்த் திரும்பும்வரை நான்கு எண்களும் ஒன்றாகவே ஏறி இறங்கின. பழைய சென்சார் இப்போதும் அந்த வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது.