அபார்ட்மென்டுக்குக் கேமராவும் கார்டு பூட்டும்: எங்கிருந்து தொடங்குவது?

கடையில் போய் நின்றால் முதல் கேள்வியே "எத்தனை கேமரா சார், எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான் வரும். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் கொட்டேஷன் அவர்கள் இஷ்டத்துக்குப் போய்விடும். கும்பகோணத்தில் எங்கள் அசோசியேஷனுக்காக இந்த வேலையை எடுத்துச் செய்து முடித்தபிறகு இதை எழுதுகிறேன். 24 வீடு, கீழே பார்க்கிங், மெயின் கேட், பின்பக்கம் குப்பை வண்டிக்கு ஒரு சின்ன கேட், ஒரு லிஃப்ட். உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் என்றால் படியுங்கள்.

படி 1: வழிகளை எண்ணுங்கள்

ஒரு தாளில் கட்டடத்தை வரைந்து, ஆள் நுழையக்கூடிய இடங்களை மட்டும் குறியுங்கள். பின்பக்க கேட் நாள் முழுக்கத் திறந்து கிடந்தால் முன்பக்கம் எவ்வளவு விலையுள்ள பூட்டு போட்டும் பிரயோஜனம் இல்லை.

படி 2: கரண்ட் போனால் கதவு என்ன செய்யும்?

இதை முடிவு செய்யாமல் பூட்டு வாங்காதீர்கள். அபார்ட்மென்ட்களில் பெரும்பாலும் போடுவது காந்தப் பூட்டு. மின்சாரம் இருக்கும்வரை கதவைப் பிடித்திருக்கும், போனதும் விட்டுவிடும். தீ விபத்து என்றால் அதுதான் நல்லது. உள்ளே இருப்பவர் எந்த நிலையிலும் கார்டு இல்லாமல் வெளியேற முடிய வேண்டும். ஃபயர் அலாரம் இருந்தால், அது அடித்ததும் பூட்டின் சப்ளை அறுபடும்படி இணைக்கச் சொல்லுங்கள்.

280 கிலோ இழுவையைத் தாங்கும் ரகக் காந்தப் பூட்டு 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கரண்ட் போனால் பூட்டைத் தாங்கும் 7 ஏ.ஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி கணக்குப்படி 14 மணி நேரம் வர வேண்டும். கார்டைச் சரிபார்த்துக் கதவைத் திறக்கும் கன்ட்ரோலரின் பங்கையும் பேட்டரியின் வயசையும் கழித்தால் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு அது போதும். ஆனால் 2018 கஜா புயலில் பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் கரண்ட் இல்லாமல் எத்தனை நாள் கிடந்தார்கள் என்று நமக்குத் தெரியும். அதற்காக அதே கதவில் சாதாரணச் சாவிப் பூட்டு ஒன்றும் இருக்கட்டும், உள்பக்கம் சாவியில்லாமல் திறக்கும் ரகமாக.

படி 3: கார்டா, கைரேகையா?

என் ஓட்டு கார்டுக்கு, அதிலும் சாவிக்கொத்தில் மாட்டும் டேக்குக்கு. பாத்திரம் தேய்க்கிற அக்காக்களின் விரலில் ரேகை தேய்ந்திருக்கும், மிஷின் எடுக்காது. மருதாணி வைத்த கையும் சில சமயம் தகராறு செய்யும். அவர்களை வெயிலில் கேட்டுக்கு வெளியே நிற்கவைக்கும் சிஸ்டம் எதற்கு?

மலிவான 125 கிலோஹெர்ட்ஸ் கார்டை நகலெடுக்கும் கருவி ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது. மைஃபேர் கிளாசிக் என்ற இன்னொரு ரகக் கார்டின் பாதுகாப்பும் 2008-லேயே உடைபட்டுவிட்டது. நகலெடுக்கக் கடினமான டெஸ்ஃபயர் ரகக் கார்டு கேளுங்கள், ரீடரும் அதைப் படிப்பதாக இருக்க வேண்டும். தேதி முடிந்ததும் தானாகச் செல்லாமல் போகும் விருந்தாளி கார்டு வசதியும் தேவை. 2028-ல் மகாமகம் வருகிறது, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் வந்து இறங்குவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

படி 4: கேமரா

முகம் அடையாளம் தெரிய, கேமரா காட்டும் இடத்தின் அகலத்தில் மீட்டருக்குச் சுமார் 250 பிக்சல் (படப் புள்ளி) வேண்டும். 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலம். ஆக, 10 மீட்டர் அகலத்துக்கு மேல் காட்டினால் ஆள் தெரியும், யார் என்று தெரியாது. கேட்டுக்குக் குறுகலாக, பெரிதாகக் காட்டும் 6 மி.மீ. லென்ஸ், பார்க்கிங்குக்கு அகலமாகக் காட்டும் 2.8. எல்லா இடத்துக்கும் 2.8 போட்டுவிட்டுப் போகத்தான் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

2025 ஏப்ரலிலிருந்து சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். மாடல் எண்ணைச் சொல்லி எஸ்டிக்யூசி (மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பு) சான்று கேளுங்கள். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிட ஆசைப்படுவார்கள்.

படி 5: கேபிள். இங்கேதான் கழுத்தறுப்பு

எங்கள் கேமராக்கள் பகலெல்லாம் சமர்த்தாக ஓடும். இருட்டியதும் மூன்று கேமரா அணைந்து அணைந்து எரியும். போட்டவர்கள் கேமராவை மாற்றினார்கள், ரெக்கார்டரை மாற்றினார்கள், கடைசியில் இன்டர்நெட்டைக் குறை சொன்னார்கள்.

ராத்திரியில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கிறது. இந்தக் கேமராக்களுக்கு மின்சாரமும் படமும் ஒரே நெட்வொர்க் கேபிளில்தான் போகின்றன. கேபிள் மோசமாக இருந்தால் கடைசி முனையில் வோல்டேஜ் விழுந்துவிடும். பிளேடால் கம்பியைச் சுரண்டியதும் விஷயம் வெளியே வந்தது: மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளையாக அலுமினியம். மின்சாரம் பாய்வதை அலுமினியம் தடுப்பது செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். கொட்டேஷனிலேயே "முழுச் செம்பு, கேட் 6 (Cat 6)" என்று கேபிளின் ரகத்தை எழுதி வாங்குங்கள். பெட்டி வந்ததும் ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

உங்களுக்கும் இதே கோளாறு வந்தால், அந்தக் கேமராவை, கேமரா கேபிள்கள் வந்து சேர்ந்து மின்சாரம் வாங்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பக்கத்திலேயே ஒரு சின்ன கேபிளில் மாட்டி, லென்ஸை மூடி இருட்டாக்குங்கள். அணையவில்லை என்றால் குற்றம் கேபிளில். அப்போதும் அணைந்தால் ஸ்விட்ச்சின் மொத்த வாட் அளவைப் பாருங்கள். 60 வாட் ஸ்விட்ச்சில் ஆளுக்கு 10 வாட் இழுக்கும் எட்டு கேமரா ஓடாது.

ஒரு கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அப்புறம் நம் மண். வயலை மனையாக்கிய இடம், களிமண், ஐப்பசி மழையில் தரைக்கடியில் போட்ட பைப் முழுக்கத் தண்ணீர் நிற்கும். ஜெல் நிரப்பிய வெளிப்புறக் கேபிள் போடுங்கள், நடுவில் ஜாயின்ட் வேண்டாம். காம்பவுண்டில் கம்பம் நட்டு மாட்டும் கேமராவுக்கு இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடக்டரும் (மின்னலில் திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் கருவி) ஒழுங்கான எர்த்தும் அவசியம்.

படி 6: ரெக்கார்டர்

கேமரா படத்தை அனுப்பும் வேகம் 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) என்றால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. 10 கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் என்றால் நாளைக்கு 216 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில் 18 நாள் நிற்கும், ஒரு மாதம் வேண்டுமென்றால் 8 டிபி. டிஸ்க் சிசிடிவிக்கென்றே வருகிற ரகம்தான், டபிள்யூடி பர்ப்பிளோ சீகேட் ஸ்கைஹாக்கோ.

சிங்கப்பூர் பையன் அங்கிருந்து பார்க்க வேண்டுமென்று ரௌட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து நேராக உள்ளே வரும் வழி) திறந்து வைக்காதீர்கள். 2016-ல் மிராய் என்ற நாசகார நிரல், மாற்றப்படாத பாஸ்வேர்டு உள்ள கேமராக்களையும் ரௌட்டர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் பூட்டிய தனி வழி) வழியாகப் பார்க்கட்டும்.

பிற்சேர்க்கை

ஏதாவது அசைந்தால் கேமரா அனுப்பும் அலாரம் பற்றி மாயவரத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, ராத்திரி முழுக்க அலாரம் வருது, போய்ப் பார்த்தா யாருமே இல்லை." சிலந்தியும் பூச்சியும்தான். வயல் பக்கம் இருந்தால் சம்பா சமயத்தில் பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடிக் கூட்டமாக வரும், அதைத் தின்ன சிலந்தி லென்ஸ் முன்னாலேயே வலை கட்டும். வெளிச்சத்துக்குத் தனி விளக்கு ஒன்றைக் கேமராவிலிருந்து சில அடி தள்ளிப் போட்டு, கேமராவின் இன்ஃப்ராரெட்டை அணைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை வாட்ச்மேனிடம் ஒட்டடைக் குச்சியைக் கொடுங்கள்.

இன்னொருவர் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்டார். போட்டுக்கொடுத்த கடைக்காரரிடம் இருக்கவே கூடாது. செகரெட்டரி, பொருளாளர் இரண்டு பேரிடமும் இருக்கட்டும், நிர்வாகக் குழு மாறும் அன்றே மாற்றிவிடுங்கள்.