கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகுமுன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

திசையன்விளையிலிருந்து அக்கா மகன் போன மாதம் தன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து நின்றான். "மாமா, புதுக் கார்டு போட்டேன். கேம் ஆரம்பிச்சு அஞ்சே நிமிசத்துல பொட்டுனு ஆஃப் ஆயிருது. டூப்ளிகேட் கார்டை என் தலையில கட்டிட்டாங்களோ?"

கேமின் படத்தை வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் சொல்கிறான். கார்டு ஆர்எக்ஸ் 6600. அசல்தான், குறையொன்றும் இல்லை. பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்குப் போக வேண்டிய 8 பின் வயரே கிடையாது. ஹார்டு டிஸ்குக்கு வரும் சாட்டா பவர் வயரில் ஒரு மாற்று வயரைச் செருகி, அதைக் கார்டில் மாட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் செருகியின் ஓரம் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகி, விரலில் ஒட்டியது. கிட்டே மூக்கை வைத்தால் கருகல் வாடை.

கணக்கு இதுதான். சாட்டா பவர் செருகியில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின். ஒரு பின்னுக்கு 1.5 ஆம்பியர். ஆக மொத்தம் தாங்குவது 54 வாட். கார்டின் 8 பின்னோ 150 வாட் வரை இழுக்கலாம் என்று வகுக்கப்பட்டது. ஆர்எக்ஸ் 6600 முழு வேகத்தில் 132 வாட் கேட்கும். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75. மீதி அத்தனையும் அந்த ஒல்லி வயர் வழியாகத்தான் போயாக வேண்டும். தயவுசெய்து இந்த மாற்று வயரைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் நம் ஊரில் நான் அதிகம் காணும் தவறு. பார்க்க வேண்டியது அதன் கீழே பொடி எழுத்தில் உள்ள 12 வோல்ட் வரி. இவனுடையதில் 16 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்குங்கள்: 192 வாட். கார்டும் பிராசசரும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். கார்டுக்கு 132 போனால் மிச்சம் 60. அதில் பிராசசர், ஃபேன், டிஸ்க் எல்லாம் ஓட வேண்டும். ஓடவில்லை, அணைந்தது. பாவம், பையன் கார்டைச் சந்தேகப்பட்டான்.

கையில் முப்பதாயிரம் இருந்தால் முப்பதையும் கார்டில் கொட்டாதீர்கள். நாலாயிரம் ஐயாயிரத்தை எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எடுத்து வையுங்கள். 8 பின் வயர் அதிலேயே வர வேண்டும், 12 வோல்ட்டில் 40 ஆம்பியராவது இருக்க வேண்டும். இதே கணக்கு யுபிஎஸ்ஸுக்கும் உண்டு. வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் நடுவில் கரண்ட் போனால் அது கத்திவிட்டுக் கையை விரித்துவிடும். கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறதா? அப்படியென்றால் கார்டுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பாருங்கள்.

அடுத்து பெயர். கார்டு கம்பெனிகள் ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்பது பல வருடப் பழக்கம். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060இல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு. வித்தியாசம் மெமரியில் மட்டும் என்று நினைத்து வாங்கினார்கள். உள்ளே கணக்குப் போடும் கோர்களும் குறைவு, 6 ஜிபியில் உள்ள 1280க்குப் பதில் 3 ஜிபியில் 1152. ஆர்டிஎக்ஸ் 3060 முதலில் 12 ஜிபியுடன், மெமரிக்குப் போய்வர 192 பிட் அகலப் பாதையோடு வந்தது. பிறகு அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் என்று ஒன்று இறங்கியது. மெமரி வேகம் நொடிக்கு 360 ஜிபியிலிருந்து 240க்குச் சரிந்துவிட்டது. ஆர்எக்ஸ் 580 வாங்கப் போனால் பெட்டியில் 2048எஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது 2304 கோர் உள்ள அசல் 580 அல்ல. இன்றைய ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டிலும் 8, 16 என்று இரு வகை உண்டு. "3060 ஒண்ணு குடுங்க அண்ணாச்சி" என்று மட்டும் கேட்டால் அண்ணாச்சி கையில் இருப்பதைத்தான் கொடுப்பார். அவர்மேல் தப்பில்லை. எத்தனை ஜிபி, எத்தனை பிட் என்று சேர்த்துக் கேளுங்கள், பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு, ஜிபியை மட்டும் பார்ப்பது. ஜிடி 730இல் 4 ஜிபி உண்டு, ஜிடிஎக்ஸ் 1650இலும் 4 ஜிபி உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மெமரி என்பது கிட்டங்கி மாதிரி, அதாவது குடோன். கிட்டங்கி பெரிதாக இருந்து சுமக்க ஆள் இல்லையென்றால் மூட்டை நகராது. ஆனாலும் இன்று நாலைந்து வருடம் வைத்திருக்கப் புதுக் கார்டு வாங்குகிறவருக்கு 8 ஜிபி வேண்டாம் என்றே சொல்வேன். 1080பி மானிட்டரிலேயே சில புதிய கேம்கள், பரப்புகளின் நுணுக்கமான டெக்ஸ்சரை உயர்த்தினால் 8ஐத் தாண்டிவிடுகின்றன. தாண்டிய பிறகு படம் திக்கித் திக்கித்தான் வரும். காசு கொஞ்சம் கூடினாலும் 12 அல்லது 16 பாருங்கள்.

ஆபீஸில் கழித்த பழைய கம்ப்யூட்டரை வாங்கி, அதில் கார்டு போட நினைப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 போன்றவை ஸ்லாட்டில் டேட்டா போய்வரும் 16 பாதைக்குப் பதில் 8 பாதைதான் பயன்படுத்தும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னும் மோசம், நாலே பாதை. புதுப் போர்டில் இது தெரியாது. இன்டெல் 10ஆம் தலைமுறை வரை அந்த ஸ்லாட் பிசிஐஇ 3.0 என்ற பழைய வகைதான், அங்கே அந்த நாலு பாதையின் வேகம் பாதியாகிவிடும். இன்டெல்லின் பழைய எச்81 போர்டென்றால் 2.0, அதிலும் பாதி. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு நல்ல விலையில் கிடைக்கிறதே என்று பழைய போர்டில் போடாதீர்கள். கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் எட்டவைக்கும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத போர்டில் அது சோம்பிப் போகும். ஒல்லி கேபினெட்டில் முழு உயரக் கார்டு நுழையவே நுழையாது. இஞ்ச் டேப்பை எடுத்து, பின்பக்க ஸ்லாட்டிலிருந்து முன்பக்க ஃபேன் வரை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நெல்லைப் பக்கம் கேம் ஆடுகிறவர்களைப் போலவே கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களும் என்னிடம் கார்டு கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒரு பத்தி. கேமராவில் நிறத்தை நுணுக்கமாகப் பதியும் 10 பிட் 4:2:2 எச்265 என்ற வீடியோ முறையில் எடுத்தால், ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை எந்த என்விடியா கார்டும் அதை ஹார்டுவேரில் பிரித்துத் தராது. 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. ஆனால் இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பிராசசருக்குள் இருக்கும் சாதாரண கிராஃபிக்ஸே அதைச் செய்துவிடும். ஆயிரம் ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்க எஃப் என்று முடியும் பிராசசரை எடுத்தவர்களிடம் அது இருக்காது. பெரிய கார்டு போட்டும் டைம்லைன் நொண்டுகிறதே என்று தலையில் கை வைப்பார்கள். முதலில் உங்கள் கேமரா என்ன பதிகிறது என்று பாருங்கள், அப்புறம் கார்டு.

சின்னத் தவறுகள் சில. மானிட்டர் வயரைக் கார்டில் குத்தாமல் போர்டிலேயே விட்டுவிடுவது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸ் செட்டிங்கில் 60லேயே ஓட்டுவது. ஒற்றை ரேமோடு இருப்பது. இரண்டாவது குச்சி போட்டாலே பல கேமில் தடுமாற்றம் குறையும். புதுக் கார்டில் விஜிஏ கிடையாது என்பதை மறந்து பழைய மானிட்டரோடு முழிப்பது.

செகண்ட் ஹேண்ட் தப்பில்லை. ஆனால் 2022 செப்டம்பரில், கார்டுகளை ஓட்டி எத்திரியம் என்ற கிரிப்டோ காசு சம்பாதிக்கும் மைனிங் நின்றபோது, ராப்பகலாக ஓடிய கார்டுகள் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன, இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பழைய சிப்பில் வேறு பெயரை ஏற்றிய போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய் விற்பவர் முன்னாலேயே ஓட்டுங்கள். போலியென்றால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கால் மணி நேரம் முழு லோடில் விட்டு, சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள். ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சித்திரையில் பாளையங்கோட்டை 40 டிகிரியைத் தொடும். ஏசி ரூமில் சோதித்துப் போட்ட வெப்பக் கணக்கு நம் வீட்டு மாடி அறைக்குப் பொருந்தாது. ஒற்றை ஃபேன் கார்டு மலிவு என்று எடுக்காமல் இரண்டு ஃபேன் உள்ளதாகப் பாருங்கள், கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக அடைத்திராமல் காற்று போகும் வலையாக இருக்கட்டும். தேரி மண் உள்ள ஊர்க்காரர்களுக்கு வேறொரு தொல்லை. ஆனி ஆடியில் மேல்காற்று வீசும்போது ஜன்னலை எப்படிச் சாத்தினாலும் அந்தச் செம்மண் பொடி உள்ளே வந்துவிடும். அக்கா மகன் கேபினெட்டின் அடியில் விரலால் கோடு போட்டால் குங்குமம் மாதிரி ஒட்டியது. முன்பக்கம் தூசி வலை வைத்து, மாதம் ஒருமுறை கழுவச் சொன்னேன். பிளோயர் அடிக்கும்போது கார்டின் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழல விடக்கூடாது.

அன்று சாயங்காலமே நெல்லை வண்ணார்பேட்டைக்குப் போய் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கி வந்தோம். அதே கார்டு, அதே கேம், இரண்டு மணி நேரம் ஓடியது. சூடு 70ஐத் தாண்டவில்லை. உருகிய அந்த வயரை அவன் தூக்கிப் போடப் போனான். "வேண்டாம்ல, குடு" என்று வாங்கி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். அடுத்து கார்டு கேட்டு வருகிறவரிடம் காட்ட வேண்டும்.