பட்டறையிலும் கடையிலும் கார்பன் மோனாக்சைடு: செய்ய வேண்டியவை

மின்தடை வந்ததும் பெட்ரோல் ஜெனரேட்டரை ஷட்டருக்குப் பின்னாலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்து ஓட்டும் வழக்கம் பல சிறு கடைகளில் இருக்கிறது. அதை இன்றே கைவிட வேண்டும். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் பற்றிக்கொள்வதால், மூச்சு வழக்கம்போல் போய்வந்துகொண்டிருக்கும்போதே மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது.

ஜெனரேட்டரைக் கட்டடத்துக்கு வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி கட்டடத்தைப் பாராதபடி வையுங்கள். ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். அறைக்குள் ஓடும் எஞ்சினுக்கு அது போதவே போதாது. வெளியே இடமில்லாதவர்கள் இன்வெர்ட்டருக்கு மாறுவதே சரியான வழி.

வாகனப் பட்டறையில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தால் வண்டியை வெளியே தள்ளிவிட்டு ஓட்டுங்கள். உணவகத்தில் கரி அடுப்பை மூடிய அறைக்குள் எடுத்துவைக்காதீர்கள். மேலே சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தெரியும் கரியும் உள்ளே கனன்றபடி இந்த வாயுவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் 8 மணி நேர வேலைக்கு அனுமதித்த சராசரி அளவு 50 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு. இந்த வாயுவை அளந்து காட்டும் தனிக் கருவியை வாங்கி, ஆட்கள் நிற்கும் இடத்திலேயே பொருத்துங்கள். சாதாரணப் புகை அலாரம் இந்த வாயுவை உணராது, துணி முகக்கவசமும் தூசிக் கவசமும் இதைத் தடுக்காது.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று வந்து, வெளியே போனால் தெளிந்து, உள்ளே வந்ததும் மறுபடி தொடங்கினால், வெயிலையோ சாப்பாட்டையோ காரணம் சொல்லாமல் எல்லாரையும் வெளியேற்றுங்கள். யாரேனும் உள்ளே மயங்கிக் கிடந்தால், வெளியிலிருந்தே ஷட்டரைத் திறந்து 108-ஐயும் 101-ஐயும் அழையுங்கள். பதற்றத்தில் உள்ளே ஓடுகிறவர் அடுத்த ஆளாக விழுந்துவிடுவார். சுவாசக் கருவி அணிந்த தீயணைப்பு வீரர்களே நுழைய வேண்டும்.

மருத்துவமனையில் கார்பன் மோனாக்சைடு என்று சந்தேகிப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்ததாகவே எண்ணி 98 என்றுகூடக் காட்டும். கார்பாக்சிஹீமோகுளோபின் (இந்த வாயு பற்றிக்கொண்ட ஹீமோகுளோபின்) அளவை ரத்தப் பரிசோதனையில்தான் உறுதியாக அறிய முடியும். அந்த முடிவுக்காகக் காத்திராமல் முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுக்கத் தொடங்குவார்கள். சாதாரணக் காற்றில் 4 முதல் 5 மணி நேரத்தில் பாதியாகக் குறையும் நஞ்சு, அப்போது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகிவிடும்.