பார்வை மையத்தில் மின்பதிவேடு எழுதும் முறை

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் நடத்திவரும் பார்வை மையங்களைப் போன்ற இடங்களில், கண்ணைச் சோதிப்பவர் ஒருவர். முடிவு சொல்லும் மருத்துவர் வேறு ஊரில் இருக்கிறார். காணொளியில் நோயாளியின் முகம் தெரியுமே தவிர விழித்திரை தெரியாது என்பதால், இணையப் பதிவேட்டில் ஏறியதை நம்பியே அவர் சிகிச்சை சொல்ல வேண்டும்.

புதிய பதிவைத் திறக்குமுன் நோயாளியின் பழைய பதிவு எண்ணைத் தேடவும். ஒரே ஊரில் நான்கு முத்துலட்சுமிகள் இருப்பார்கள். கைப்பேசி எண்ணோ பெரும்பாலும் மகனுடையது. ஆகவே பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், தெரு ஆகிய அனைத்தையும் ஒப்பிட்ட பிறகே பதிவைத் திறக்க வேண்டும். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, கலந்தாய்வைச் சுகாதாரப் பணியாளர் தொடங்கினால் நோயாளியின் வெளிப்படையான இசைவு தேவை, அதையும் பதியவும்.

பார்வைத்திறனை வலக்கண், இடக்கண் எனத் தனித்தனியே, கண்ணாடி இன்றியும் கண்ணாடியுடனும் ஊசித்துளை (சிறு துளையிட்ட தகடு) வழியாகவும் அளந்து எழுதவும். 6/60 (நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்தான் காண்பது) என்றிருந்த பார்வை ஊசித்துளையில் 6/12 ஆனால் கண்ணாடியே போதுமானதாக இருக்கலாம். மாறாவிட்டால் மருத்துவர் புரையையோ விழித்திரையையோ சந்தேகிப்பார். கண் அழுத்தத்தை அளந்த நேரத்தோடும் கருவியின் பெயரோடும் குறிக்கவும். சோதிக்காததைச் 'சோதிக்கவில்லை' என்றே எழுத வேண்டும். வெற்றுக் கட்டத்தைப் பார்ப்பவர் 'இயல்பு' என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

பாவையை (கண்ணுக்குள் ஒளி புகும் துளையை) விரிக்கும் சொட்டு மருந்து இடுவதற்கு முன்பே, ஒளிக்குப் பாவை சுருங்குவதையும் முன்னறையின் (கருவிழிக்குப் பின்னே நீர் நிறைந்த இடத்தின்) ஆழத்தையும் பதிந்துவிடவும். மருந்து வேலை செய்த பின் பாவையின் இயல்பான அசைவை அறிய வழியில்லை. முன்னறை ஆழம் குறைந்த கண்ணிலோ அந்த மருந்தே அழுத்தத்தைத் திடீரென உயர்த்திவிடக்கூடும். நீரிழிவு உள்ளவரின் விழித்திரைப் படத்தை ஏற்றும்போது பக்கத்தைச் சரிபார்ப்பது எளிது: வலக்கண் படத்தில் பார்வை நரம்பு வட்டு (விழித்திரையில் நரம்பு சேரும் இடம்) நம் வலப்புறம் தெரியும். இடம் மாறிய படம், படமே இல்லாததைவிடக் கேடானது.

நெற்கதிர் பட்டுக் கருவிழியில் புண் வந்தவரிடம், கடையில் வாங்கி ஊற்றிய சொட்டு மருந்தின் பெயரைக் கேட்டு எழுதவும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் பூஞ்சைப் புண் முற்றும். கண்ணில் சுண்ணாம்பு தெறித்து வருபவருக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. முதலில் தூய நீரால் நெடுநேரம் கழுவ வேண்டும், பிறகுதான் கணினி.