கோழிப்பண்ணை நாற்றம்: பண்ணையிலும் ஊரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டைக்கோழி என்றாலே எல்லோருக்கும் நாமக்கல்தான் நினைவுக்கு வரும். ஆனால் செட்டிநாட்டுச் செம்மண் பொட்டலிலும் ஆங்காங்கே பண்ணைகள் உண்டு. பண்ணை வந்து சில வருஷத்துக்குள் ஊர் இரண்டு கட்சியாகிவிடும். "கோழி இருந்தா வாடை இருக்கத்தான் செய்யும்" என்பார் பண்ணைக்காரர். "பண்ணையையே மூடு" என்பார்கள் ஊர்க்காரர்கள். இந்தச் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கூண்டுக்கு அடியில் குவியும் எச்சம் ஈரமாக இருக்கிறதா, காய்ந்து இருக்கிறதா?

ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் எச்சம் போடும். 10,000 கோழி என்றால் தினம் ஒரு டன். அதில் முக்கால் பங்கு தண்ணீர். கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. உடம்பில் மிஞ்சும் நைட்ரஜன் யூரிக் அமிலமாக எச்சத்தோடு சேர்ந்தே வந்துவிடும்; எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான். ஈரமும் சூடும் இருந்தால் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியா என்ற நெடியடிக்கும் வாயுவாக மாற்றும். சீக்கிரம் காய்ந்துவிட்டால் அந்த வேலை பாதியில் நின்றுபோகும். வாடை, ஈ, மூச்சுத் தொந்தரவு, கிணற்று நீர் கெடுவது என்று பண்ணையைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஈரத்தில்தான் தொடங்குகின்றன. கீழே சொல்லப்போகும் தவறுகளும் ஏதோ ஒரு வழியில் இங்கேதான் வந்து சேரும்.

சொட்டும் நிப்பிளைச் சின்ன விஷயமாக நினைப்பது

பண்ணைக்குள் போனால் கோழியைப் பார்க்கும் முன் கூண்டுக்கு அடியில் பாருங்கள். எச்சம் கூம்பு கூம்பாக, மேலே வெளுத்துக் காய்ந்து நின்றால் நல்லது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கூம்பு சரிந்து, கறுத்துக் களியாகக் கிடக்கும். அங்கே நின்று தலையைத் தூக்கினால் நேர் மேலே ஒரு நிப்பிள், அதாவது கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனை, சொட்டிக்கொண்டிருக்கும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர். இப்படி 20 நிப்பிள் இருந்தால் தினமும் 80 லிட்டர் தண்ணீரை நாமே எச்சத்தில் ஊற்றுகிறோம் என்று அர்த்தம்.

கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் குழாயின் அழுத்தம் கூடுவது, நிப்பிளுக்குள் மணலோ உப்போ அடைப்பது, குழாய் தொய்ந்து உயரம் மாறுவது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் அடைப்பு சீக்கிரமே வரும். வாரம் ஒருமுறை குழாயை அலசிவிட்டு, தினமும் காலையில் ஒருவர் வரிசை வரிசையாக நடந்து சொட்டும் இடத்தைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். இதற்குத் தனி இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் இந்த வேலை யாருடையது என்று எந்தப் பண்ணையிலும் தெளிவாகச் சொல்லி வைப்பதில்லை. அதுதான் சிக்கல்.

நிப்பிள் சரியாக இருந்தும் எச்சம் நீர்த்திருந்தால் தீவனத்தைப் பாருங்கள். உப்பு கூடினால் கோழி அதிகம் குடிக்கும்; எச்சமும் தண்ணியாகும். தண்ணீரிலேயே உப்பு இருந்தால் தீவனத்தில் சேர்க்கும் உப்பைக் குறைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த சோளமும் சிறுநீரகத்தைக் கெடுத்து இதே வேலையைச் செய்யும். தேவைக்கு மேல் புரதம் கொடுப்பது இன்னொரு வீண் செலவு. கோழி பயன்படுத்தாத புரதத்தின் நைட்ரஜன் அப்படியே எச்சத்தில் இறங்கி அம்மோனியாவாகக் கிளம்பும். மெத்தியோனின், லைசின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துப் புரதத்தைக் கொஞ்சம் இறக்கலாம். கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

பங்குனி, சித்திரை வெயிலில் கோழி வழக்கத்தைவிட இரண்டு மடங்குகூடக் குடிக்கும். அப்போது கூரையில் நீர் தெளிப்பதும், உள்ளே பனிபோலத் தூவுவதும் தேவைதான். தூவும் நீர் கீழே சொட்டாமல் காற்றிலேயே ஆவியாகிறதா என்று பார்ப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும்

வாடை கூடிவிட்டது, நாளைக்கு யாரோ பார்க்க வருகிறார்கள் என்றால் முதலில் ஓடுவது சுண்ணாம்பு மூட்டைக்குத்தான். வெள்ளையாகத் தூவிவிட்டால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஈர எச்சத்தின் மேல் சுண்ணாம்பு போட்டால் காரத்தன்மை ஏறி, உள்ளே அடங்கியிருந்த அம்மோனியா மொத்தமாக வெளியேறும். கொட்டகைக்குள் நிற்கும் ஆளுக்குக் கண் எரிந்து தண்ணீர் வரும்; கோழிக்கும் அதே கதிதான். பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம். அதிலிருக்கும் குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற எரிச்சலூட்டும் வாயுவாகும். காலியான கொட்டகையைக் கழுவிக் காயவைத்த பிறகு சுண்ணாம்பு அடிப்பது வேறு விஷயம், அது நல்லதுதான். ஈர எச்சத்தின் மேல் மட்டும் வேண்டாம்.

அவசரத்துக்கு ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்றால் மரத்தூள், உமி, பொடித்த கடலைத்தோல் மாதிரி ஈரம் உறிஞ்சும் பொருள் போதும். உரக்கடையில் கிடைக்கும் சூப்பர் பாஸ்பேட்டையும் தூவலாம். அதன் அமிலத்தன்மை அம்மோனியாவை எருவிலேயே கட்டிவைக்கும். பிறகு அந்த எருவை வாங்கும் விவசாயிக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்தே கிடைக்கும். பறந்துபோகும் அம்மோனியா ஊருக்கு நாற்றம் என்றால், பண்ணைக்காரருக்கு எருவில் விற்க வேண்டிய சத்து காற்றோடு போகிற நஷ்டம்.

மூக்கையும் கைபேசியையும் நம்புவது

"எனக்கு ஒண்ணும் வாடை தெரியலையே" என்று பண்ணையாள் சொல்வது பொய்யல்ல. அம்மோனியாவிலேயே இருப்பவர் மூக்கு மரத்துப்போகும். கொட்டகைக்குள் அம்மோனியா 25 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அதற்கு மேல் போனால் கோழியின் மூச்சுக்குழலில் இருக்கும் மெல்லிய இழைகள் கெட்டு, வெள்ளைக்கழிச்சல் மாதிரி நோய்கள் எளிதில் தொற்றும், முட்டையும் குறையும். அதனால் மூக்கை விட்டுவிட்டு, அம்மோனியா அளக்கும் தாளையோ சின்னக் கருவியையோ கோழியின் தலை உயரத்தில் பிடித்து அளப்பதுதான் சரி. அளக்க வேண்டிய நேரம் விடியற்காலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரலுக்குப் பயந்து படுதாவை முழுக்க இறக்கிவிட்டுத் தூங்கப்போவது பல பண்ணைகளில் வழக்கம். காலையில் படுதாவைத் தூக்கும்போது அளந்து பார்த்தால் இரவெல்லாம் கோழி எதைச் சுவாசித்தது என்று தெரியும். மேல்பக்கம் ஒரு முழமாவது இடைவெளி விட்டால் அம்மோனியா தேங்காது. அது காற்றைவிட லேசான வாயு.

ஊர்ப்பக்கம் நடக்கும் தவறு இதற்கு நேர்மாறானது. கைபேசியில் காற்றுத் தரம் பார்க்கிறோம். 'நன்று' என்று பச்சையில் காட்டுகிறது. அப்போ பிரச்சினை இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். அந்த எண் எங்கோ தொலைவில் இருக்கும் நிலையத்தின் அளவாக இருக்கலாம், கணினி போட்ட மதிப்பீடாகவும் இருக்கலாம். விலை குறைந்த கருவிகள் பெரும்பாலும் தூசியை மட்டுமே அளக்கும். பண்ணையிலிருந்து வரும் அம்மோனியா அதில் ஏறுவதே இல்லை.

இந்தியாவில் 2009-ல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத்தர அளவுகோலில் அம்மோனியாவுக்கும் எல்லை உண்டு: 24 மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 100. இந்த 400 என்பது ஒரு பிபிஎம்மைவிடக் குறைவு, சுமார் 0.6. பெரும்பாலானவர்கள் மூக்குக்கு அம்மோனியா தெரிவதே சில பிபிஎம் ஆன பிறகுதான். ஆக வீட்டுத் திண்ணையில் நாள் முழுக்க அம்மோனியா நெடி அடிக்கிறது என்றால் எல்லை எப்போதோ தாண்டியிருக்கும். எப்போதாவது ஒரு வீச்சு வந்து போவதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அழுகல் வாடைக்கு வேறு வாயுக்களும் காரணமாக இருக்கும்.

அம்மோனியாவோடு தூசியும் வரும். இறகுத் துணுக்கு, தீவனப் பொடி, காய்ந்த எச்சம் எல்லாம் அதில் அடக்கம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது தனித் தொந்தரவு. அம்மோனியா காற்றிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாகவும் மாறும். அதனால் பண்ணையைத் தாண்டிப் போன பிறகும் அதன் வேலை முடிவதில்லை.

ஈ: மருந்தடித்தே தீர்ப்பது

வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து புழுவாகி, கூடாகி, பறக்கும் ஈயாக 7 முதல் 10 நாள் போதும். ஒரு குச்சியால் ஈரக் கூம்பைக் கிளறினால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். பக்கத்திலேயே காய்ந்த கூம்பைக் கிளறினால் ஒன்றும் இருக்காது. ஒரே கொட்டகைக்குள் இரண்டையும் பார்க்கலாம். அப்படியிருந்தும் கூம்பைக் காயவைக்காமல் எச்சம் முழுவதும் பூச்சிமருந்து தெளிக்கிறார்கள். எச்சத்தில் ஈ முட்டையையும் புழுவையும் தின்னும் சிலந்திப்பேன்களும் சின்ன வண்டுகளும் இருக்கின்றன. ஈயின் கூட்டைத் துளைத்து முட்டையிடும் குளவிகளும் உண்டு. மருந்து முதலில் கொல்வது இவற்றைத்தான். ஈ சில தலைமுறையில் மருந்துக்குப் பழகிவிடும். பெரிய ஈயை மட்டும் கட்டுப்படுத்த, அது உட்காரும் தூணிலும் கம்பியிலும் மருந்தோ இனிப்புப் பொறியோ வைத்தால் போதும்.

எச்சத்தை ஒரே நாளில் தரை தெரிய வழித்தெடுப்பதும் இதே காரணத்தால் தவறு. அடியில் நாலைந்து அங்குலம் பழைய காய்ந்த எருவை விட்டுவைத்தால் அந்தப் பூச்சிகளும் தங்கும், புதிதாக விழும் எச்சத்தின் ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வழிப்பது இன்னும் நல்லது.

எருவை ஊருணி மேட்டில் கொட்டுவது

செட்டிநாட்டில் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் பெரிய தவறு என்பேன். இது மழையை நம்பிய ஊர். கூரையில் விழும் நீரைக்கூட வீணாக்காமல் வீடு கட்டினார்கள். ஊருக்கு ஊர் செம்புராங்கல் படிக்கட்டு வைத்து ஊருணி வெட்டினார்கள். அந்த ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வாரிகள் பொட்டல் வழியாகத்தான் வருகின்றன. பண்ணை அமைவதும் அதே பொட்டலில். வைகாசி, ஆனியில் எரு வாங்கும் விவசாயி வயல் ஓரத்தில் கொட்டி வைக்கிறார். ஆவணியில் ஒரு கோடை மழை மாதிரி ஓங்கி அடித்தால் குவியல் கரைந்து வாரியில் இறங்கிவிடும். ஊருணியில் பச்சைப் பாசி படர்ந்து, ஒரு விடியலில் மீன் மிதக்கும்.

தரைக்குள் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. எச்சத்தின் நைட்ரஜன் நைட்ரேட்டாகிக் கிணற்றுக்குப் போகும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தாண்டிய தண்ணீரில் பால் கலக்கிக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். கிணற்று நீரை மழைக்கு முன்னும் பின்னும் சோதிக்கக் கொடுப்பது நல்லது.

எருவை ஊருணியையும் வாரியையும் விட்டுத் தள்ளி, தண்ணீர் தேங்காத மேட்டில், கெட்டித் தரையில், தார்ப்பாய் போட்டு மூடி வைக்க வேண்டும். வண்டியில் ஏற்றும்போதும் அதே தார்ப்பாய் தேவை. செத்த கோழியை வேலிக்கு வெளியே வீசுவதும், இறகோடு சேர்த்துக் கொளுத்துவதும் வேண்டாம். உமியும் எருவும் அடுக்கடுக்காகப் போட்டு மட்கவைத்தால் சில வாரத்தில் சதை கரைந்துவிடும். நாய்க்கும் வேலை இருக்காது.

புதிதாகப் பண்ணை போடுபவர்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் திருத்திய வழிகாட்டுதல் இருக்கிறது: குடியிருப்பிலிருந்து 500 மீட்டர்; ஆறு, ஏரி, வாய்க்கால், குடிநீர்க் கிணற்றிலிருந்து 100 மீட்டர். தூரத்தை மட்டும் நாடா பிடித்து அளந்து, காற்றை மறந்துவிடுகிறோம். ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து. பண்ணைக்குக் கிழக்கிலும் தென்மேற்கிலும் ஊர் இருந்தால் இரண்டு பருவத்திலும் யாராவது ஓர் ஊர்க்காரர் திட்டிக்கொண்டேதான் இருப்பார். வேம்பும் புங்கமும் இரண்டு மூன்று வரிசை வைத்தால் தூசி கொஞ்சம் அடங்கும். கொட்டகைச் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். காற்றோட்டம் அடைபட்டு எச்சம் காயாது.

புகார் எழுதுவதில்

"நாற்றம் தாங்க முடியவில்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். அதிகாரி ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து பார்க்கிறார். வெயிலில் சூடான காற்று மேலே எழும்பி வாடையைக் கலைத்துவிட்டிருக்கும். "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். வாடை தரையோடு படுத்திருப்பது காற்றசையாத இரவிலும் விடியலிலும்தான், அதுவும் மார்கழி, தைப் பனியில். ஆகவே எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தத் திசை, வீட்டில் யாருக்கு என்ன தொந்தரவு என்று ஒரு மாதமாவது குறித்து, அந்த நேரத்தில் வந்து அளக்கச் சொல்லிக் கேளுங்கள். மனு போக வேண்டிய இடம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம். பெரிய பண்ணைகள் 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981-ம் ஆண்டு காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் வாரியத்தின் இசைவாணை (பண்ணை நடத்த அனுமதி) வாங்க வேண்டும். அந்த ஆணையின் நிபந்தனைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிக்கொண்டால் பேச்சு நிபந்தனையைப் பற்றியதாக இருக்கும்; ஆளுக்கு ஆள் சண்டை குறையும்.

மனுவுக்கு முன் ஒருமுறை நேரில் பேசலாம். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் நம் ஊரில் கல்யாணத்துக்கும் சாமி கும்பிடவும்தான் திறக்கும். எந்த வாரம் யார் வீட்டில் விசேஷம் என்பது ஊருக்கு முன்கூட்டியே தெரியும். எரு அள்ளும் வாரம் எதுவென்று பண்ணைக்காரருக்குத் தெரியும். "அண்ணே, தை பத்து தேதி வரைக்கும் எரு அள்ளாம இருங்க" என்று கேட்டால் தள்ளிவைக்க மாட்டேன் என்று சொல்பவர் குறைவு. எப்போது அள்ளப்போகிறார் என்று முன்னாலேயே சொல்லிவிடும் பழக்கம் பண்ணைப் பக்கமும் இருந்தால், அன்றைக்கு மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம்.